இமானுவேல் செல்லர்: அமெரிக்க காங்கிரஸில் அரை நூற்றாண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமானுவேல் செல்லர் யார்?

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தொடர்ந்து 25 முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனநாயகக் கட்சிக்காரர். 1888 மே 6 அன்று புரூக்ளினில் பிறந்தார், 1981 ஜனவரி 15 அன்று அங்கேயே காலமானார். 1923 மார்ச் 4 முதல் 1973 ஜனவரி 3 வரை உறுப்பினர். நியூயார்க் மாநிலத்திலிருந்து இவ்வளவு காலம் அந்தச் சபையில் இருந்தவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது. 1949–53, பிறகு 1955–73 என்று மொத்தம் 22 ஆண்டுகள் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். குடியேற்றம், குடியுரிமை, சிவில் உரிமை, ஏகபோகத் தடுப்பு, அரசியல் சாசனத் திருத்தம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே குழுவின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எதற்கு வாசலைத் திறந்தார், எதற்குச் சாத்தினார் என்பதுதான் அவருடைய அரசியல் வாழ்க்கை.

தமிழ் வாசகர்கள் இவரைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிய, அல்லது வாங்கக் காத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் இவர் பெயர் தாங்கிய சட்டத்தின் கீழ்தான் நிற்கிறது. 1946-ன் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமைக்கான வழியைத் திறந்தது. 1965-ன் ஹார்ட்–செல்லர் சட்டம் இன்றைய குடியேற்ற முறைக்கு அடித்தளம். உடன்பிறந்தவர்களுக்கு விண்ணப்பிக்கும் வசதி, ஒவ்வொரு நாட்டுக்கும் உச்சவரம்பு, பிறந்த நாட்டை வைத்துக் கணக்கிடும் முறை எல்லாமே இன்றைய முறைக்கு அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் வந்தன. இப்போது நடக்கும் நீண்ட காத்திருப்புக்கும் வேர் அங்கேதான்.

அவர் எப்படி அரசியலுக்கு வந்தார்?

தாத்தா பாட்டி ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள், யூதக் குடும்பம். கொலம்பியா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தையும் சில மாதங்களில் தாயும் இறந்துபோனார்கள். குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. வீடு வீடாக ஒயின் விற்றுக்கொண்டே படித்து, 1910-ல் பட்டமும் 1912-ல் சட்டப் பட்டமும் பெற்றார். பிறகு வக்கீல் தொழில்.

1922-ல் முதல்முறையாகப் போட்டியிட்டபோது அவர் கையிலெடுத்த முக்கிய விஷயம் மதுவிலக்கு எதிர்ப்பு. குடியேறிகள் நிறைந்த அந்தத் தொகுதியில் அது எடுபட்டது.

1924-ல் அவர் எதிர்த்த சட்டம் என்ன?

ஜான்சன்–ரீட் சட்டம். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை பேர் வரலாம் என்பதை, அமெரிக்காவில் ஏற்கெனவே வசிக்கும் அந்நாட்டவரின் எண்ணிக்கையில் 2 சதவீதம் என்று வரையறுத்தது. சூட்சுமம் எந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு என்பதில் இருந்தது. கையில் 1920-ன் கணக்கு இருக்க, 1890-ன் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் ஆகியோர் பெருமளவில் வந்தது 1890-க்குப் பிறகு. ஆண்டை மட்டும் மாற்றி அவர்களைப் பெயர் சொல்லாமலே வடிகட்டிவிட்டார்கள். ஆசியர்களுக்கோ ஏறக்குறைய முழுத் தடை. இந்தியா 1917-லேயே தடை மண்டலத்துக்குள் வந்துவிட்டது.

புதிய உறுப்பினர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அன்றைய வழக்கம். செல்லர் தன் முதல் முக்கியப் பேச்சையே இதை எதிர்த்துப் பேசினார், தோற்றார். அதே முறையை ஒழிக்கும் சட்டம் அவர் பெயரில் வர 41 ஆண்டுகள் ஆயின.

இடையில் 1930-களிலும் 40-களிலும் நாஜி ஆட்சியிலிருந்து தப்பிய அகதிகளை அனுமதிக்காத வெளியுறவுத் துறையைக் கடுமையாகத் தாக்கினார். தன் கட்சியின் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தும் விடவில்லை. ஆனால் அப்போது அவர் கையில் குழுத் தலைவர் பதவி இல்லை, குடியேற்றம் நீதித்துறைக் குழுவிடமும் இல்லை. குடியேற்றத்துக்கென்று இருந்த தனிக்குழுவை 1946-ன் சட்டமன்றச் சீரமைப்பில் கலைத்து, அந்த வேலையை நீதித்துறைக் குழுவோடு இணைத்தார்கள். செல்லரின் பிற்காலச் செல்வாக்கில் பாதி இந்த நிர்வாக மாற்றத்தால் வந்தது.

லூஸ்–செல்லர் சட்டம் என்ன செய்தது? ஆண்டுக்கு 100 பேர் என்பது கேலிக்கூத்து இல்லையா?

எண்ணிக்கையைப் பார்த்தால் கேலிக்கூத்துதான். அதிபர் ட்ரூமன் 1946 ஜூலை 2 அன்று கையெழுத்திட்ட அந்தச் சட்டம் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம் கொடுத்தது. செல்லரோடு சேர்ந்து அதைக் கொண்டுவந்தவர் கனெக்டிகட்டின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கிளேர் பூத் லூஸ். பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கும் இதே சட்டத்தில் வழி பிறந்தது.

உண்மையான பலன் குடியுரிமைப் பிரிவில் இருந்தது. பகத் சிங் திந்த் வழக்கில் 1923-ல் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் கலிபோர்னியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது, வாக்களிக்க முடியாது, பதவிக்குப் போட்டியிட முடியாது. 1946 சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. பஞ்சாபிலிருந்து 1920-ல் போன தலிப் சிங் சவுந்த் 1949-ல் குடியுரிமை பெற்றார். 1956 தேர்தலில் வென்று அமெரிக்க காங்கிரஸின் முதல் ஆசிய வம்சாவளி உறுப்பினரும் ஆனார். தன் பெயரிலுள்ள சட்டத்தால் குடியுரிமை பெற்றவரோடு செல்லர் ஒரே சபையில் உட்கார்ந்தார்.

குழுத் தலைவருக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

மூப்பு முறையிலிருந்து. பெரும்பான்மைக் கட்சியில் அந்தக் குழுவில் அதிக காலம் இருந்தவர் தானாகவே தலைவர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, ஆகவே யாரும் இறக்கவும் முடியாது. ஒன்று தொகுதியில் தோற்க வேண்டும், அல்லது கட்சி பெரும்பான்மையை இழக்க வேண்டும். 1953–55-ல் செல்லர் தலைவராக இல்லாததற்குக் காரணம், அப்போது சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது.

எந்த மசோதாவை விசாரணைக்கு எடுப்பது, எந்தத் துணைக்குழுவுக்கு அனுப்புவது, எப்போது வாக்கெடுப்பு என்பதெல்லாம் தலைவரின் முடிவு. ஒரு மசோதாவைக் கொல்ல அதை எதிர்த்து ஓட்டுப் போடவே தேவையில்லை, விசாரணைக்குத் தேதி குறிக்காமல் இருந்தால் போதும். முக்கியமானவற்றைச் செல்லர் ஐந்தாம் எண் துணைக்குழுவுக்கு அனுப்புவார். அதற்கும் அவரே தலைவர்.

1970-களின் நடுப்பகுதியில் ஜனநாயகக் கட்சியினர் இதை மாற்றி, தலைவர்களை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். 1975-ல் மூன்று மூத்த தலைவர்கள் பதவியிழந்தார்கள். செல்லர் அதற்குள் சபையை விட்டே போயிருந்தார்.

1964 சிவில் உரிமைச் சட்டத்தில் அவர் பங்கு என்ன? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இந்தச் சட்டம் என்றதும் கென்னடி, ஜான்சன், மார்ட்டின் லூதர் கிங் பெயர்கள் வரும். சபைக்குள் மசோதாவை இழுத்துக்கொண்டு போனவர்கள் செல்லரும், ஒகையோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் வில்லியம் மெக்கலக்கும்.

கென்னடி 1963 ஜூன் 19 அன்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாளே செல்லர் எச்.ஆர். 7152 என்ற எண்ணில் மசோதாவை அறிமுகப்படுத்தினார். அது அவருடைய ஐந்தாம் எண் துணைக்குழுவுக்குப் போனது.

முதல் சிக்கல் எதிரிகளால் வரவில்லை. துணைக்குழுவிலிருந்த தாராளவாதிகள் மசோதாவை அரசு கேட்டதைவிடக் கடுமையாக்கினார்கள், செல்லரும் தலையாட்டினார். பிறகு பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் மெக்கலக் ஏற்கெனவே அரசோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார். பிரதிநிதிகள் சபையில் கஷ்டப்பட்டு நிறைவேற்றும் மசோதாவைச் செனட்டில் நீர்த்துப்போக விடக்கூடாது, குடியரசுக் கட்சிக்கும் பெயர் கிடைக்க வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். கடுமையாக்கப்பட்ட மசோதாவைப் பார்த்து அவர் கொதித்தார். தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் மொத்தமாக எதிர்க்கும் நிலையில், குடியரசுக் கட்சி ஓட்டு இல்லாமல் எதுவும் நடக்காது. வெள்ளை மாளிகையே தலையிட்டு ஒரு நடுவழி மசோதாவைத் தயாரித்தது. அக்டோபர் 29 அன்று முழுக்குழு அதை ஏற்றது. செல்லரின் தந்திரம் பலிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு அந்த இழுபறியில்தான் உள்ளே வந்து நிலைத்தது.

நவம்பர் 20 அன்று குழுவின் அறிக்கை முறைப்படி தாக்கலானது. இரண்டே நாளில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த தடை விதிகள் குழு. எந்த மசோதா எத்தனை மணி நேரம், எந்த விதிகளின் கீழ் விவாதிக்கப்படும் என்று அந்தக் குழு சொன்னால்தான் அது சபைக்கு வரும். அதன் தலைவர் விர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், இனப் பிரிவினை ஆதரவாளர். விசாரணைக்குத் தேதியே கொடுக்கவில்லை. செல்லர் டிசம்பர் 9 அன்று, குழுவிடமிருந்து மசோதாவைப் பறித்து நேரே சபைக்குக் கொண்டுவரும் மனுவைத் தாக்கல் செய்தார். அதற்கு 218 உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். மனு சபையின் முன்மேசையில் இருக்கும், ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். குழுக்களின் அதிகாரத்தை மதிக்கும் மூத்த உறுப்பினர்கள் தயங்குவார்கள். 218 சேரவில்லை. ஆனால் கையெழுத்து ஏற ஏற ஸ்மித்துக்கு நெருக்கடி கூடியது, குடியரசுக் கட்சியினரும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவமானப்பட்டுத் தோற்பதைவிட வழிவிடுவது மேல் என்று 1964 ஜனவரியில் விசாரணையைத் தொடங்கினார். ஜனவரி 30 அன்று குழு 11–4 என்று மசோதாவை விடுவித்தது.

சபை விவாதத்தில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் செல்லரும், எதிர்வரிசையில் மெக்கலக்கும் மசோதாவை நடத்தினார்கள். திருத்தங்கள் நூற்றுக்கு மேல் வந்தன. எதை ஏற்பது, எதை வீழ்த்துவது என்று இருவரும் கலந்து முடிவெடுப்பார்கள். பிப்ரவரி 10 அன்று 290–130 என்று நிறைவேறியது. செனட்டின் நீண்ட முட்டுக்கட்டையைத் தாண்டி ஜூன் 19 அன்று 73–27. செனட் வடிவத்தைப் பிரதிநிதிகள் சபை ஜூலை 2 அன்று ஏற்றது, ஜான்சன் அன்றே கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் பெண்களுக்கான பாதுகாப்பைச் சேர்த்தது செல்லரா?

இல்லை, எதிர்த்தவர் செல்லர். சேர்த்தவர் ஹோவர்ட் ஸ்மித்! வேலைவாய்ப்புப் பிரிவில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றோடு 'பாலினம்' என்பதையும் சேர்க்க அவர் பிப்ரவரி 8 அன்று திருத்தம் கொண்டுவந்தார். மசோதாவைக் கவிழ்க்கும் எண்ணம்தான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் ஸ்மித் பெண்களின் சம உரிமைத் திருத்தத்தை முன்பிருந்தே ஆதரித்தவர் என்பதால் முழுக்கப் போலி என்றும் சொல்ல முடியாது.

செல்லர் எழுந்து, 49 ஆண்டு இல்லறத்தில் கடைசி வார்த்தை எப்போதும் தன்னுடையதுதான், அந்த வார்த்தை 'சரிம்மா' என்ற தோரணையில் ஜோக்கடித்தார். சபை சிரித்தது. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, இந்தச் சிரிப்பே பெண்கள் இரண்டாம்தரமாக நடத்தப்படுவதற்குச் சாட்சி என்ற பொருளில் பேசிச் சபையை அமைதியாக்கினார். திருத்தம் 168–133 என்று நிறைவேறியது. கிரிஃபித்ஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்.

1965 ஹார்ட்–செல்லர் சட்டத்தில் இருந்தது என்ன?

பூர்வீக நாட்டு ஒதுக்கீட்டை ஒழித்தது. அதற்குப் பதில் கிழக்கு அரைக்கோளத்துக்கு (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா முதலியவை) ஆண்டுக்கு 1,70,000 விசா, எந்த ஒரு நாட்டுக்கும் 20,000-க்கு மேல் இல்லை. மேற்கு அரைக்கோளத்துக்கு (வட, தென் அமெரிக்க நாடுகள்) முதல்முறையாக 1,20,000 என்று உச்சவரம்பு வந்தது. அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, சிறு பிள்ளைகள், பெற்றோர் இந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள்.

கிழக்கு அரைக்கோளத்துக்கான முன்னுரிமை வரிசை இப்படி:

- முதலாவது: குடிமக்களின் திருமணமாகாத, வயதுவந்த பிள்ளைகள் – 20 சதவீதம்
- இரண்டாவது: நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களின் துணைவர், திருமணமாகாத பிள்ளைகள் – 20
- மூன்றாவது: தொழில்முறைப் படிப்பாளிகள், விஞ்ஞானிகள், அசாதாரணத் திறமை கொண்ட கலைஞர்கள் – 10
- நான்காவது: குடிமக்களின் திருமணமான பிள்ளைகள் – 10
- ஐந்தாவது: குடிமக்களின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை – 24
- ஆறாவது: ஆள் பற்றாக்குறையுள்ள வேலைகளுக்கான தொழிலாளர்கள் – 10
- ஏழாவது: அகதிகள் – 6

மேல்வரிசையில் மீதமானது கீழே இறங்கும். ஜான்சன் 1965 அக்டோபர் 3 அன்று நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையின் அடியில் கையெழுத்திட்டார். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1968-ன் நடுவில்.

உறவுகளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது செல்லரின் யோசனையா?

பெரும்பாலும் இல்லை. அவர் அறிமுகப்படுத்திய அரசு மசோதா திறமைக்குத்தான் முதலிடம் கொடுத்தது, பாதி இடங்கள் அதற்கே. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர், ஒகையோவின் மைக்கேல் ஃபீகன், மசோதாவை முடக்கி வைத்திருந்தார். அவரும் ஜனநாயகக் கட்சிதான், ஆனால் செல்லருக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. ஜான்சன் தலையிட்டு அவரை வழிக்குக் கொண்டுவந்தபோது, ஃபீகன் கேட்ட விலை வரிசையைத் தலைகீழாக்குவது: குடும்ப உறவு முதலில், திறமை பிறகு.

கணக்கு எளிது. ஏற்கெனவே அமெரிக்காவில் அதிகம் இருப்பவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். உறவினருக்கு முன்னுரிமை கொடுத்தால் வருபவர்களும் ஐரோப்பியராகவே இருப்பார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து பாகுபாட்டை நீக்கினாலும் நாட்டின் முகம் மாறாது என்று நம்பினார்கள்.

ஆசியர்கள் அதிகம் வரமாட்டார்கள் என்று செல்லர் சொன்னது உண்மையா?

உண்மை. 1965 ஆகஸ்டில் சபையிலேயே சொன்னார்: ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்களுக்கு இங்கே உறவினர் குறைவு, ஆகவே ஒப்பீட்டளவில் சிலர்தான் வர முடியும் என்று. ஓட்டு சேர்க்கச் சொன்ன சமாதானமா, மனதார நம்பினாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அன்றைய எண்களை வைத்துப் பார்த்தால் நம்பியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கணக்கு தப்பியது மூன்றாவது முன்னுரிமையில். வெறும் 10 சதவீதம் என்றாலும், அது உறவே தேவையில்லாத கதவு. இந்தியாவிலிருந்து டாக்டர்களும் எஞ்சினியர்களும் அதன் வழியாகப் போனார்கள். ஐந்து ஆண்டு வசித்துக் குடியுரிமை வாங்கினார்கள். அதன்பின் ஐந்தாவது முன்னுரிமையில் அண்ணன் தங்கைகளுக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் தங்கள் துணைவரோடும் பிள்ளைகளோடும் வந்தார்கள். மேற்கு ஐரோப்பாவோ அதற்குள் செழித்துவிட்டது, அங்கிருந்து கிளம்ப ஆளில்லை. ஐரோப்பியரை மனதில் வைத்து ஃபீகன் போட்ட உறவு வரிசை ஆசியக் குடும்பங்களுக்குப் படிக்கட்டானது.

பிறந்த நாட்டை வைத்துக் கணக்கிடும் முறையும் இவர் சட்டத்தில் வந்ததா?

ஆசியர்களைப் பொறுத்தவரை, ஆம். 1952-ன் குடியேற்றச் சட்டம் பெயரளவில் ஆசியாவுக்கான தடையை நீக்கியது, ஆனால் ஆசியர்களை மட்டும் ரத்தக் கணக்கில் வைத்தது. இந்திய வம்சாவளிப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர்கூட பிரிட்டனின் பெரிய ஒதுக்கீட்டில் வர முடியாது, இந்தியாவின் 100-க்குள்தான் நுழைய வேண்டும். செல்லர் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். ட்ரூமன் நிராகரித்துத் திருப்பி அனுப்பியும், காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. 1965 சட்டம் வம்சாவளிக் கணக்கைத் தூக்கியெறிந்தது.

இன்றும் அதே முறைதான். சிங்கப்பூரில் பிறந்த தமிழர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் சிங்கப்பூர் கணக்கில் வருவார், வரிசை சிறியது. துணைவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவர் நாட்டுக் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம். பலர் இதைக் கவனிக்காமல் குடியுரிமையைப் பார்த்து இந்திய வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நாட்டுக்கு 20,000 என்ற வரம்பு 1990 சட்டத்தில் மொத்த முன்னுரிமை விசாக்களில் 7 சதவீதமாக மாறியது. குடும்ப முன்னுரிமை குறைந்தபட்சம் 2,26,000, வேலைவாய்ப்பு 1,40,000 என்ற அடிப்படையில் ஒரு நாட்டுக்குச் சுமார் 25,620. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே. எல்லா நாட்டுக்கும் சமம் என்ற 1965-ன் நியாயம், மக்கள்தொகை அதிகமுள்ள நாட்டுக்காரருக்குப் பத்தாண்டுக் கணக்கில் காத்திருப்பாக முடிகிறது.

ஏகபோகத் தடுப்பில் என்ன செய்தார்?

1914-ன் கிளேட்டன் சட்டம், போட்டியைக் குலைக்கும் வகையில் ஒரு நிறுவனம் இன்னொன்றின் பங்குகளை வாங்குவதைத் தடுத்தது. வக்கீல்கள் ஓட்டை கண்டுபிடித்தார்கள்: பங்கை வாங்காதே, ஆலை, இயந்திரம், சரக்கு என்று சொத்தை வாங்கு. 1950 டிசம்பரில் வந்த செல்லர்–கெஃபாவர் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. 1962-ன் பிரவுன் ஷூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரிவாக எடுத்தாண்டது. இன்று பெரிய நிறுவன இணைப்புகளை அமெரிக்க அரசு தடுக்கும்போது எடுக்கும் ஆயுதம் இந்தப் பிரிவுதான். 1951-ல் பேஸ்பால் அமைப்பையே ஏகபோகம் என்று விசாரணைக்கு இழுத்தார், ஆனால் அதில் சட்டம் எதுவும் வரவில்லை.

அரசியல் சாசனத் திருத்தங்கள் எத்தனை அவர் கைவழி போயின?

நான்கு. 23-வது தலைநகர் வாஷிங்டன் மக்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்கு கொடுத்தது (1961). 24-வது, வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற முறையைக் கூட்டாட்சித் தேர்தல்களில் ஒழித்தது (1964). 25-வது அதிபர் செயலிழந்தால் என்ன செய்வது, துணை அதிபர் பதவி காலியானால் எப்படி நிரப்புவது என்று வரையறுத்தது (1967). 26-வது, 18 வயதில் வாக்குரிமை (1971).

கடைசியதை அவர் பல ஆண்டுகள் எதிர்த்துக் கிடப்பில் வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. காலம் மாறிவிட்டது என்று புரிந்ததும் தானே முன்னின்று நடத்தினார். 1971 மார்ச்சில் 401–19.

பெண்களின் சம உரிமைத் திருத்தத்தை அவர் ஏன் முடக்கினார்?

சம உரிமைத் திருத்தம் முதன்முதலில் காங்கிரஸுக்கு வந்தது 1923-ல், செல்லர் உறுப்பினரான அதே ஆண்டு. அவர் தலைவரான பிறகு அதற்கு விசாரணையே வைக்கவில்லை. அவர் சொன்ன காரணம்: வேலை நேரம், பளு தூக்குதல் போன்றவற்றில் பெண் தொழிலாளர்களைப் பாதுகாக்கும் சட்டங்கள் அடிபட்டுப் போகும். தொழிற்சங்கங்களும் நெடுங்காலம் இதையே சொல்லிவந்தன என்பதால் அது வெறும் சாக்கு அல்ல. ஆனால் 1964 சட்டம் வேலைவாய்ப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த பிறகு அந்த வாதம் பலமிழந்துவிட்டது, அவர் மட்டும் நகரவில்லை.

1970-ல் மார்த்தா கிரிஃபித்ஸ், 1963-ல் செல்லர் ஸ்மித்துக்கு எதிராக எடுத்த அதே மனுவைச் செல்லருக்கு எதிராக எடுத்தார். இம்முறை 218 கையெழுத்தும் சேர்ந்தது. ஆகஸ்ட் 10 அன்று சபை பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. அந்த ஆண்டு செனட்டில் தேங்கியது. மறுமுறை 1971 அக்டோபரில் 354–24, செனட்டில் 1972 மார்ச்சில் 84–8. பிறகு மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்காமல் முட்டியது தனிக்கதை.

வேறு குறிப்பிடத்தக்க விசாரணைகள்?

இரண்டு. நியூயார்க்கின் கறுப்பின உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் மீது பண முறைகேட்டுப் புகார் வந்தபோது, 1967-ல் அதை விசாரிக்கச் செல்லர் தலைமையில் அமைந்த சிறப்புக் குழு, பதவியேற்க விடுங்கள், அபராதமும் மூப்பு இழப்பும் விதியுங்கள் என்றது. சபை கேட்காமல் அவரை உள்ளே விடவே மறுத்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் சபை செய்தது தவறு என்றது. 1970-ல் நீதிபதி வில்லியம் டக்ளஸைப் பதவி நீக்க ஜெரால்டு ஃபோர்டு கிளம்பியபோது, விசாரணையைச் செல்லர் தன் துணைக்குழுவிலேயே வைத்து, ஆதாரமில்லை என்று முடித்துவைத்தார்.

1972-ல் எப்படித் தோற்றார்?

பொதுத்தேர்தலில் இல்லை, தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலான பிரைமரியில். ஜூன் 20 அன்று, 30 வயது வக்கீல் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் சுமார் 600 ஓட்டில் வென்றார். செல்லருக்கு வயது 84. ஒரு பல்குச்சி வாஷிங்டன் நினைவுத்தூணைச் சாய்க்கப் பார்க்கிறது என்று அவரை இளக்காரமாகப் பேசியிருந்தார்.

பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்கள் குறைவு. கட்சி அமைப்பு சும்மா இருந்து, எதிரி வீடு வீடாகப் போனால் சில நூறு ஓட்டுகளே முடிவைத் தீர்மானிக்கும். ஹோல்ட்ஸ்மன் சுரங்க ரயில் நிலைய வாசல்களிலும் சினிமா வரிசைகளிலும் நின்று கைகொடுத்தார். வியட்நாம் போரில் செல்லரின் நிலை, சம உரிமைத் திருத்தம், தொகுதியில் தலைகாட்டாதது ஆகிய மூன்றும் அவர் ஆயுதங்கள். மூன்றுக்கும் செல்லரிடம் பதில் இல்லை.

நீதித்துறைக் குழுவின் தலைமை நியூஜெர்சியின் பீட்டர் ரோடினோவுக்குப் போனது. 1974-ல் நிக்சன் பதவிநீக்க விசாரணையை நடத்தியது அவர்தான். ஹோல்ட்ஸ்மன் அதே குழுவில் உறுப்பினர்.

அவர் மீதான நியாயமான விமர்சனம் எது?

காங்கிரஸில் இருந்துகொண்டே வக்கீல் அலுவலகத்தில் பங்குதாரராக நீடித்தது. அலுவலகத்துக்கு இரண்டு பெயர்ப்பலகை: ஒன்றில் செல்லர் பெயர் உண்டு, மத்திய அரசு சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கான மற்றொன்றில் இல்லை. அன்றைய விதிகள் தடுக்கவில்லை. ஆனால் ஏகபோகத் தடுப்பைக் கையில் வைத்திருந்த குழுத் தலைவருக்கு அது அழகல்ல.

இவரைப் பற்றி எழுதும்போது எந்தப் பிழைகள் அதிகம் வருகின்றன?

'முழுதாக 50 ஆண்டு' என்பது சரியல்ல, இரண்டு மாதம் குறைவு. அவர் நுழைந்தபோது பதவிக்காலம் மார்ச் 4-ல் தொடங்கியது, பிறகு 20-வது திருத்தம் அதை ஜனவரி 3 ஆக்கியது. தொகுதி எண்ணும் குழப்பும்: எல்லை மறுவரையறையால் 10, 15, 11, மறுபடி 10 என்று மாறியது, ஊர் மாறவில்லை. ஹார்ட்–செல்லரில் வரும் ஹார்ட், மிச்சிகன் செனட்டர் பிலிப் ஹார்ட். செனட்டில் அந்த மசோதாவை நடத்தியவர் எட்வர்டு கென்னடி என்பதால் சிலர் சட்டத்தையே அவர் பெயரில் எழுதிவிடுகிறார்கள். லூஸ்–செல்லரை 1965-க்கும், ஹார்ட்–செல்லரை 1946-க்கும் மாற்றிப் போடுவது இணையத்தில் சர்வசாதாரணம்.